அவரவர் பத்திரம் அவரவரிடம்

யாத்திரைக் குழுக்களையும் உல்லாசப் பிரயாணிகளையும் கடல் கடந்தும் மலை கடந்தும் அழைத்துச் சென்று, சென்றவர்களை ஒருவர் குறையாமல் ஊர் கொண்டுவந்து சேர்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டு வாழ்ந்தவன் நான். இத்தொழிலில் வெகுகாலமாக வேரூன்றிவிட்ட ஒரு வழக்கம் உண்டு. விமான நிலையத்துச் சோதனைகள் முடிந்ததுதான் தாமதம், குழுத் தலைவர் ஒரு தோல் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, "எல்லாரும் பாஸ்போர்ட்டை எங்கிட்டக் குடுத்துடுங்க, ஜாக்கிரதையா இருக்கும்" என்பார். பிரயாணிகளும், விசேஷமாக வயது முதிர்ந்தவர்கள், பெரிய பொறுப்பு ஒன்று தலையிலிருந்து இறங்கிய நிம்மதியுடன் அதை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஊர் திரும்பும் நாள் வரையில் அதை மறந்தே போவார்கள். அன்பை முன்னிட்டும் சௌகரியத்தை முன்னிட்டும் நடக்கிற காரியந்தான். ஆயினும் அது தகாத காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம். அந்நிய மண்ணில் ஒரு மனிதனை இன்னான் என்று எடுத்துச் சொல்ல உற்றாரும் இல்லை, ஊராரும் இல்லை, பல இடங்களில் அவன் பேசும் மொழிகூடத் துணைக்கு வருவதில்லை. அவன் பெயரையும் பிறந்த தேதியையும் முகத்தையும் ஒரு ராஜாங்கத்தின் முத்திரையோடு சேர்த்துச் சொல்லும் அந்தச் சிறு புத்தகம் ஒன்றே அவனுக்குச் சாட்சி. அந்தச் சாட்சியை இன்னொருவர் பையில் வைத்துப் பூட்டிவிட்டு அவன் வீதியில் நடக்கலாகாது.

நான் தொழில் கற்றது தம்புச் செட்டித் தெருவில், கப்பல் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்து கொடுத்துவந்த ஓர் ஏஜென்ஸியில். 'ரஜூலா' கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பி, நாகப்பட்டினத்தைத் தொட்டுக்கொண்டு, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்த காலம் அது. பிரயாணிக்கு அன்று பாஸ்போர்ட்டு மாத்திரம் போதாது. அம்மை குத்திக்கொண்டதற்கான சான்றிதழ், அந்நியச் செலாவணி விஷயமாக ரிசர்வ் வங்கி அங்கீகரித்த 'பி' பாரம், வருமான வரி பாக்கி இல்லை என்னும் அத்தாட்சி என்று ஒரு கட்டே சேர்ந்துவிடும். எங்கள் முதலாளி ஒவ்வொரு கட்டையும் நூலால் கட்டி, உரியவர் கையிலேயே கொடுத்து, இது இன்னது, இதை இன்ன இடத்தில் கேட்பார்கள் என்று விவரித்து, அவர் வாயால் திருப்பிச் சொல்லவும் வைப்பார். எழுத்தறியாதவர்களுக்கு நிறத்தையும் அளவையும் அடையாளமாகக் காட்டுவார். "நம்ம வேலை காயிதம் வாங்கிக் குடுக்கிறதோட முடியலை, தம்பி. இது எதுக்குன்னு அவனுக்குத் தெரியணும்" என்பார். 1967-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமையும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கியதே என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்ததையும், அதுவரை சர்க்காரின் இஷ்டத்தைப் பொறுத்திருந்த பாஸ்போர்ட்டு அதே ஆண்டில் ஒரு சட்டத்தின் வரம்புக்குள் வந்ததையும் அவர் மிகுந்த மகிழ்ச்சியுடன் எனக்கு விளக்கியிருக்கிறார். அச்சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, புத்தகம் மத்திய சர்க்காரின் சொத்து. அதை வைத்திருந்து உபயோகிக்கும் உரிமை, யார் பெயருக்கு வழங்கப்பட்டதோ அவருக்கு. இந்த இருவருக்கும் இடையில் மூன்றாவது ஆசாமி ஒருவருக்கு இடமில்லை என்பது அவர் வாதம். அவ்வாதத்தை விடச் சிறந்த ஒன்றை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அதன் உண்மையை நான் கண்ணால் கண்டது மலேசியாவிலிருந்து மக்கள் திரும்பிவந்த நாட்களில். அந்நாட்டின் 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பிரஜாவுரிமை இல்லாதவர்கள் வேலை பார்ப்பதற்கு அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும் என்றாயிற்று. தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவிய தமிழர்கள், பிரஜைகளுக்கு நீல அட்டை, மற்றவர்களுக்குச் சிவப்பு அட்டை என்ற பாகுபாட்டில் சிவப்பு அட்டையோடு நின்றுபோய், பல்லாயிரக்கணக்கில் கப்பலேறி வந்தார்கள். துறைமுகத்தில் அவர்களுடைய பத்திரங்களைச் சரிபார்க்க ஒத்தாசை செய்யும்படி முதலாளி என்னை அனுப்புவதுண்டு. ஒரு தாய், மூன்று குழந்தைகளுடன் தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். குழந்தைகளின் பிறப்புப் பத்திரங்கள் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் கிராணி ஐயா பொட்டியிலதாங்க இருக்கு. அவருதான் வச்சிருப்பாரு" என்றாள், சற்றும் கவலையில்லாமல். மலாயா சுதந்திரம் பெற்ற 1957 ஆகஸ்டு 31 முதல் 1962-ஆம் ஆண்டு அக்டோபர் வரை அந்நாட்டில் பிறந்த குழந்தைகள், பிறந்த காரணத்தினாலேயே அந்நாட்டின் பிரஜைகள். அவளுடைய குழந்தைகளில் மூத்த இருவரும் அந்தக் காலத்தில் பிறந்தவர்கள். அந்த உரிமை என்றைக்காவது அவர்களுக்குப் பயன்பட வேண்டுமானால், அதற்கு ஆதாரம் அந்தக் காகிதங்கள்தாம். அவை கடலுக்கு அக்கரையில், கிராணி என்னும் தோட்டத்துக் குமாஸ்தாவின் ஆபீஸ் பெட்டியில் இருந்தன. எங்கள் ஏஜென்ஸியிலிருந்து எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை.

பிற்காலத்தில் கப்பல்கள் நின்று, விமானங்கள் பெருகி, நான் குழுக்களை நடத்தத் தொடங்கியபோது எனக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். விஸாவுக்காக ஒரு பாஸ்போர்ட்டு என் மேஜைக்கு வந்தால், முகப்படம் உள்ள பக்கத்துக்கு முன்பாக நான் புரட்டுவது கடைசிப் பக்கத்தை. தகப்பனார், தாயார், கணவர் அல்லது மனைவி ஆகியோரின் பெயர்களும், விலாசமும், பாஸ்போர்ட்டு அலுவலகத்தின் கோப்பு எண்ணும் அங்கேதான் இருக்கின்றன. புத்தகம் தொலைந்துபோனால் தூதரகத்தில் ஒருவரை இன்னார் என்று நிலைநாட்ட உதவுவது அந்தப் பக்கம். ஆனால் பிரதி எடுப்பவர்களில் பலர் படமுள்ள பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்புறந்தான் காலாவதித் தேதி. பல தேசங்கள், தம் எல்லைக்குள் நுழையும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதத்துக்குப் பாஸ்போர்ட்டு உயிரோடு இருக்க வேண்டும் என்று விதித்திருக்கின்றன. பிறகு முத்திரை குத்துவதற்குப் போதிய வெற்றுப் பக்கங்கள். பிறகு, படத்துக்குக் கீழே இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் நாற்பத்து நான்கு எழுத்துகள். இரண்டாவது வரியின் தொடக்கத்தில் பாஸ்போர்ட்டு எண் இருக்கும். நம் நாட்டு எண்ணில் ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களுமாக எட்டே இருப்பதால், ஒன்பதாவது இடத்தை ஒரு கோணக்குறி நிரப்ப, அதற்கடுத்து ஓர் ஒற்றை இலக்கம் நிற்கும். முன்னுள்ள எழுத்தையும் இலக்கங்களையும் முறையே 7, 3, 1 என்று திரும்பத் திரும்பப் பெருக்கிக் கூட்டி, பத்தால் வகுத்தால் மிஞ்சுவது எதுவோ அதுவே அந்த இலக்கம். எழுத்துக்கு மட்டும் ஏ என்றால் பத்து, பி என்றால் பதினொன்று என்று மதிப்பு. விஸாப் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது ஓர் இலக்கம் தவறினாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ராத்திரி வேளைகளில் பட்டியலையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் இப்படிப் பெருக்கிப் பார்ப்பதில் எனக்கு அலுப்புத் தட்டியதே இல்லை; ஓர் இலக்கப் பிழையால் ஒரு கிழவருக்கு எல்லையில் நேரக்கூடிய அவமானம் என் மனக்கண் முன் நிற்கும்.

தமிழர்களுக்கென்றே உள்ள சிரமம் பெயரில் இருக்கிறது. நாம் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலையில் சூட்டிக்கொண்டு, நம் பெயர் ஒன்றையே பெயராகக் கொண்டு, குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாமலே நிறைவாக வாழ்ந்து வருகிறவர்கள். பாஸ்போர்ட்டு விண்ணப்பமோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டமும் போட்டு, இனிஷியலை விரித்தெழுதும்படி கேட்கிறது. கந்தசாமியின் மகன் ராமசாமி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விஸாவில் அவனுடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய்விட, சொந்தப் பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் மீதி இடத்தில் ஏறிக்கொள்கின்றன. கட்டத்தில் தகப்பனார் பெயரை எழுதினால், அயல்நாட்டார் எல்லாரும் அவனைக் கந்தசாமி என்றே அழைப்பார்கள். அவன் மனைவிக்கு அவள் தகப்பனார் பெயர், குழந்தைகளுக்கு ராமசாமி என்று, ஒரே வீட்டார் நால்வருக்குள் மூன்று குடும்பப் பெயர்கள் தோன்றி, இவர்கள் ஒரு குடும்பந்தானா என்று அதிகாரி ஐயப்படுவதும் நடக்கிறது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விஸா இல்லை என்று அறிவித்தபோது தமிழ்நாட்டுப் பிரயாண ஏஜெண்டுகள் பட்ட பாட்டை நான் அறிவேன். பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிறகு விளக்கம் வந்தது. கடைசிப் பக்கத்துக்கு நான் கொடுக்கும் மரியாதை வீண் அல்ல. தகப்பனார் பெயரை விரித்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில், கட்டத்தை நிரப்பிவிடுவதே உத்தமம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன்.

நேபாளத்து முக்திநாதம் வைஷ்ணவர்களின் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றானபடியால், கும்பகோணம், ஸ்ரீரங்கம் பக்கத்துப் பெரியவர்கள் அங்கே போக ஆசைப்படுவது சகஜம். அந்நாட்டுக்கு நமக்கு விஸா வேண்டியதில்லை. ஆனால் விமானத்தில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டையின் அசலைக் காட்ட வேண்டும். ஆதார் அட்டை, பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கும் மாத்திரமே செல்லும். வங்கி முதல் ரேஷன் கடை வரை எங்கும் செல்லுகிற ஆதார் இங்கே செல்லாது என்பதை ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு விமான நிலையத்தில் நின்று விளங்கவைப்பது கஷ்டமான காரியம்.

கைலாச யாத்திரையின் விஷயமே வேறு. காட்மண்டு வழியாகப் போகும் குழுவுக்குச் சீன தேசத்தார் தனித்தனியே விஸா கொடுப்பதில்லை. எல்லாருடைய பெயரும் பாஸ்போர்ட்டு எண்ணும் பிறந்த தேதியும் வரிசையாக எழுதிய ஒரே தாளில் குழு விஸா வழங்குவார்கள். அவரவர் புத்தகத்தில் விஸா முத்திரை எதுவும் இராது. குழு ஒன்றாக உள்ளே போய் ஒன்றாக வெளியே வர வேண்டும். எல்லையில் தாளில் உள்ள வரிசைப்படியே நிற்க வேண்டும். 2015 ஏப்ரல் பூகம்பத்துக்கு முன்பு நாங்கள் கோடாரி என்னும் ஊர் வழியாகத்தான் போவோம். கீழே போத்தே கோசி ஆறு இரைந்துகொண்டு ஓடும். அதன் மேல் நட்புப் பாலம். பாலத்தின் நடுவில் ஒரு கோடு, அதுதான் எல்லை. நேபாளத்துக்கும் சீனத்துக்கும் கடிகாரத்தில் இரண்டே கால் மணி வித்தியாசம் உண்டாதலால், இந்தக் கரையில் பொழுது நிறைய இருக்கிறதென்று அசந்திருந்தால், அந்தக் கரையில் அலுவலகத்தை மூடிவிடுவார்கள்.

அப்பாலத்தில் ஒரு நாள், எங்களுக்கு முன்பாக வேறொரு குழு நின்றது. அதன் தலைவர் பாஸ்போர்ட்டுகளை எல்லாம் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுத் தம் பையில் வைத்திருந்தார். வரிசைப்படி நில்லுங்கள் என்று அதிகாரி சைகை காட்டியதும், கட்டுகளைப் பிரித்து, பெயரைப் பார்த்து, ஆளைத் தேடிக் கொடுக்கத் தொடங்கினார். குளிருக்காகக் குல்லாயும் கம்பளியும் சுற்றியிருந்த கூட்டத்தில் யார் யாரென்று அவருக்கே தெரியவில்லை. ஒரே பெயருடைய இரண்டு அம்மாள்களின் புத்தகங்கள் கை மாறிவிட்டன. அதிகாரி முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இருவரையும் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினார். அவர்கள் தீர்ந்து எங்கள் முறை வருவதற்குள் வெகுநேரம் சென்றுவிட்டது. எங்கள் குழுவில், காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியார். சீன அதிகாரியின் வாயில் நம் பெயர்கள் படும் பாட்டில், அழைக்கப்படுவது தாமே என்று எவருக்கும் தெரியாது என்பதனால், நான் ஒவ்வொருவருக்கும் அவரவர் வரிசை எண்ணைக் காட்மண்டுவிலேயே மனப்பாடம் செய்வித்திருந்தேன். "ஆச்சி, உங்க நம்பர்?" என்று மெதுவாகக் கேட்டேன். "பதினேழு. எனக்கு முன்னால அந்தச் சிவப்புச் சால்வை, பின்னால நம்ம வாத்தியார். நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க தம்பி" என்றார். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, பாஸ்போர்ட்டை எடுத்து, படமுள்ள பக்கத்தைப் பெருவிரலால் பிடித்துத் திறந்தபடியே அதிகாரியின் முன் நீட்டி, முக்காட்டை விலக்கி முகத்தைக் காட்டினார். அதிகாரி தலையசைத்தார். அவ்வளவே. எழுத்தறிவும் வயதும் இந்த விஷயத்தில் தடையே அல்ல என்று நான் வாதிடும்போதெல்லாம் எடுத்துக்காட்டாகச் சொல்வது அந்த ஆச்சியைத்தான்.

குழு விஸாவின் கடுமையான முகம் பின்னால் தெரியும். சாகா என்னும் ஊர் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூச்சு முட்டி ஒருவர் கீழே இறங்க நேர்ந்தால், தாளோ ஒன்று, அது கைலாசத்துக்குப் போக வேண்டும். அவர் திரும்புவதற்குத் தனியாகப் பிரித்து அனுமதி பெற வேண்டும். அம்மாதிரி சமயத்தில் நோயாளியின் பாஸ்போர்ட்டு, மலையேறிப் போய்விட்ட தலைவரின் பையில் இருக்குமானால் என்ன கதியாகும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

ரோமாபுரியில் நான் கண்டது இதைவிட வருத்தமானது. நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலிலேயே நம் நாட்டு நிறுவனம் ஒன்றின் குழுவும் தங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை, டெர்மினி ரயில் நிலையத்தில், அதன் தலைவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த சமயம், தோளிலிருந்து இறக்கிவைத்த பை மறைந்துவிட்டது. அந்தக் குழுவின் பாஸ்போர்ட்டுகள் அதில் இருந்தன. போலீஸில் புகார் எழுதி வாங்குவது, புகைப்படம் எடுப்பது, தூதரகத்து அதிகாரியை விடுமுறை நாளில் தேடிப் பிடிப்பது என்று அவர்கள் அலைந்த அலைச்சலில் நானும் கூட நின்றேன். தூதரகம் இத்தகைய சந்தர்ப்பத்தில் அவசரச் சான்றிதழ் என்று ஒன்று கொடுக்கும். அதைக்கொண்டு நேரே இந்தியாவுக்குத் திரும்பலாம். மேற்கொண்டு ஸ்விட்ஸர்லாந்தோ பாரிஸோ போக முடியாது. பாஸ்போர்ட்டின் பிரதி கையிலிருந்தவர்கள் வேலை சீக்கிரம் முடிந்தது. மற்றவர்களின் பிள்ளைகள் சென்னையிலும் மதுரையிலும் பீரோக்களைக் குடைந்து பழைய நகல்களைத் தேடினார்கள். அக்குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் பாஸ்போர்ட்டைக் கொடுக்க மறுத்துத் தம்மிடமே வைத்திருந்தார். மனைவியினுடையதை மாத்திரம், பெண்பிள்ளை தொலைத்துவிடுவாள் என்று, தலைவரிடம் கொடுத்திருந்தார். அவருக்கு எல்லா ஊருக்கும் வழி திறந்திருந்தும், மனைவியோடு பாதி யாத்திரையில் ஊர் திரும்பினார். அந்த அம்மாள் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அவருடைய மௌனந்தான் எனக்குத் தாங்கவில்லை.

பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றுவதா, ஹோட்டல் பெட்டகத்தில் வைப்பதா என்று கேட்பார்கள். அதை அந்தந்த நாட்டுச் சட்டமே தீர்மானிக்கிறது. ஜப்பானில் அயல்நாட்டுப் பிரயாணி எந்நேரமும் பாஸ்போர்ட்டை உடன் வைத்திருக்கக் கடமைப்பட்டவர். இல்லையானால் ஒரு லட்சம் யென் வரையில் அபராதம் விதிக்கலாம். ஹாங்காங்கில் பதினைந்து வயது நிரம்பிய எவரும் அடையாளப் பத்திரம் இல்லாமல் வெளியே நடமாடக் கூடாது. நெதர்லாந்தில் 2005-ஆம் ஆண்டிலிருந்து, பதினான்கு வயது நிரம்பியவர்கள் கேட்ட மாத்திரத்தில் காட்டியாக வேண்டும். அப்படிப்பட்ட தேசங்களில் உடம்போடு ஒட்டிய துணிப்பையில் அசலே இருக்க வேண்டும். சட்டம் வற்புறுத்தாத இடங்களில் அசலை அறையில் பூட்டிவிட்டுப் பிரதியுடன் உலாவலாம். பூட்டின் சாவி மட்டும் உரியவரிடம் இருக்கட்டும்.

உல்லாசப் பிரயாணிக்கு இது சில நாள் சங்கடம். வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போகிறவர்களுக்கோ வாழ்க்கைப் பிரச்சினை. இறங்கிய அன்றே எஜமானர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைத்ததனால், தகப்பனார் காலமான செய்தி வந்தும் புறப்பட முடியாமல் தவித்தவர்களை என் ஊரிலேயே அறிவேன். கத்தார் தேசம் 2015-ஆம் ஆண்டின் சட்டத்தில் இதைக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இருப்பதே தெரியாமல் பலர் கையை நீட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். சவூதியில் இகாமா, கத்தாரிலும் குவைத்திலும் அந்தந்த நாட்டு அடையாள அட்டை என்று, தங்கி வேலை செய்பவர் தெருவில் காட்ட வேண்டிய பத்திரம் தனியாக உண்டு. அது வேறு, பாஸ்போர்ட்டு வேறு, இரண்டும் தன்னிடமே இருக்க வேண்டியவை என்பதைப் புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொரு தொழிலாளிக்கும் சொல்லியனுப்ப வேண்டியது ஏஜெண்டின் கடமை. அதைச் சொல்லாதவர் வாங்கும் கமிஷன் நேர்மையான சம்பாத்தியம் ஆகாது.

நான் நடத்திய குழுக்களுக்கெல்லாம், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு கூட்டம் போட்டு, ஒவ்வொருவரும் தம் பாஸ்போர்ட்டைத் தாமே திறந்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்க்கும்படி செய்வேன். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொல்வார். இரண்டு பக்கங்களுக்கும் இரண்டு பிரதிகள். ஒன்று வீட்டில் பிள்ளைகளிடம், மற்றொன்று பாஸ்போர்ட்டு இல்லாத வேறொரு பையில், இரண்டு புகைப்படங்களுடன். இப்போது எல்லாரும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான், ஆனால் திபேத்தின் குளிரில் கைபேசியின் மின்சாரம் நிற்பதில்லை, ஆகவே காகிதமும் இருக்கட்டும் என்பேன். தலைவரிடம் இருக்க வேண்டியவை பட்டியலும் பிரதிகளுந்தாம்.

சென்னையிலிருந்தும் 2025-ஆம் ஆண்டு மார்ச் முதல் சில்லுப் பொருத்திய பாஸ்போர்ட்டுகளை வழங்கத் தொடங்கியிருக்கிறார்கள். ரப்பர் வளையம் போட்டு வளைத்துக் கட்டுவதற்கு ஏற்ற புத்தகம் அல்ல அது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலோ, நம்மவர்களும் இப்போது இயந்திர வாயில்களின் வழியாகவே உள்ளே போகிறார்கள். ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். புத்தகத்தைத் தாமே கண்ணாடியின் மேல் வைத்து, தாமே முகத்தைக் காட்ட வேண்டும். தலைவர் கூடவே நுழைய முடியாது. இதற்காகவே சில இளைஞர்கள் தம் குழுவினருக்குச் சென்னையிலேயே, ஒரு மேஜையைப் போட்டு, பாஸ்போர்ட்டை எந்தப் பக்கம் திறந்து எப்படிக் கவிழ்த்து வைப்பது என்று ஒத்திகை நடத்துவதாகக் கேள்விப்பட்டு, போன மாதம் ஓர் ஒத்திகைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்; பாட்டிமார்கள் இரண்டாம் முறையிலேயே சரியாக வைத்துவிட்டார்கள்.